வாசகர் கேள்வி – பதில்: ஆயிரம் சந்தாதாரர், நாலாயிரம் மணி நேரம்

யூடியூப் வருவாய் குறித்து அண்மையில் எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறிய சேனல் நடத்துவோர் எழுதியவை. எல்லாக் கேள்விகளும் ஏதோ ஒரு வகையில் ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நன்னூலை நூற்பா நூற்பாவாகப் பாடம் சொல்லிக் காணொளியாக இட்டு வருகிறேன். மூன்று ஆண்டுகளில் 640 பேர் சேர்ந்திருக்கிறார்கள். 1,000 சந்தாதாரர் இல்லாமல் விளம்பர வருவாயில் பங்கு கிடைக்காது என்கிறார்கள். முன்பு இப்படி ஒரு வரம்பே இல்லை என்று என் பழைய மாணவன் சொல்கிறான். அது உண்மையா? உண்மையானால், ஏன் மாற்றினார்கள்?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் மாணவர் சொல்வது பெருமளவு சரி. சேனல் நடத்துவோருக்கு விளம்பர வருவாயில் பங்கு தரும் கூட்டாளர் திட்டத்தை யூடியூப் 2007-இல் தொடங்கியபோது, தானே தேர்ந்தெடுத்த சிலரைத்தான் சேர்த்துக்கொண்டது. 2012 ஏப்ரலில் அந்த நிலை மாறியது. 20 நாடுகளில், விதிகளை மீறாமல் சொந்தமாகக் காணொளி எடுத்து வெளியிடும் எவரும் அதில் விளம்பரம் வரச்செய்து பங்கு பெறலாம் என்றானது. பின்னர் நாடுகளின் எண்ணிக்கையும் கூடியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், பத்துப் பேர் பார்க்கும் சேனலுக்கும் பத்து லட்சம் பேர் பார்க்கும் சேனலுக்கும் நுழைவு விதி ஒன்றாகவே இருந்தது.

முதல் வரம்பு 2017 ஏப்ரலில் வந்தது. ஒரு சேனல் தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 10,000 பார்வைகள் பெற்ற பிறகே அதன் காணொளிகளில் விளம்பரம் வரும் என்றார்கள். பிறருடைய காணொளிகளைத் திருடி ஏற்றிக் காசாக்குவோரை வடிகட்டுவது அதன் நோக்கம். அந்த வரம்பை நான் குறை சொல்ல மாட்டேன். உழைப்பவர் சில மாதங்களில் எட்டிவிடக்கூடியது. ஒருமுறை எட்டினால் போதும்.

ஆனால் பத்து மாதங்களுக்குள், 2018 ஜனவரி 16 அன்று, யூடியூப் இப்போது நீங்கள் எதிர்கொள்ளும் விதியை அறிவித்தது: 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும், அதோடு கடந்த 12 மாதங்களில் பார்வையாளர்கள் 4,000 மணி நேரம் அந்தச் சேனலைப் பார்த்திருக்க வேண்டும். இது புதியவர்களுக்கு மட்டும் விதித்த நிபந்தனையாக இருந்திருந்தால் வருத்தம் குறைவாக இருந்திருக்கும். ஏற்கெனவே திட்டத்தில் இருந்தவர்களுக்கும் பிப்ரவரி 20 முதல் இதுவே பொருந்தும் என்றார்கள். பல ஆண்டுகளாகப் பங்கு பெற்று வந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம்.

காரணத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஆண்டைப் பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரியில், பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் தீவிரவாதிகளின் காணொளிகளில் இடம்பெறுவதை லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. மார்ச் மாதத்தில் பிரிட்டன் அரசும் 'கார்டியன்' பத்திரிகையும், அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, வெரைசன், ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்ற நிறுவனங்களும் தங்கள் விளம்பரங்களை நிறுத்தின. ஆண்டின் இறுதியில், குழந்தைகளுக்கானவை போல் தோன்றிய அருவருப்பான காணொளிகள் பெரும் பிரச்சினையாயின. டிசம்பர் 31 அன்று லோகன் பால் என்ற அமெரிக்கர், ஜப்பானிய வனம் ஒன்றில் தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைப் படம்பிடித்து வெளியிட்டார். அப்போது அவருக்கு ஒன்றரைக் கோடி அளவில் சந்தாதாரர்கள் இருந்தார்கள். விளம்பரதாரர்களின் நம்பிக்கையை மீட்க வேண்டிய நெருக்கடியில்தான், அந்தக் காணொளி வந்த மூன்றாவது வாரத்தில், புதிய விதி வந்தது.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. விளம்பரதாரர்களை அதிரவைத்த அந்தக் கடைசிச் சம்பவம் ஒரு மிகப்பெரிய சேனலில் நடந்தது. 1,000 சந்தாதாரர் என்ற விதி அவரைத் தொடாது. உங்களைப் போன்றவர்களைத்தான் தொட்டது. பெரிய சேனல்களின் காணொளிகளை மனிதர்களே பார்த்துச் சரிபார்ப்பார்கள் என்று அதே அறிவிப்பில் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ஆனாலும் பெரியவர்களுக்குக் கிடைத்தது சரிபார்ப்பு, சிறியவர்களுக்குக் கிடைத்தது வெளியேற்றம். சந்தாதாரர் எண்ணிக்கை ஒருவருடைய நாணயத்தை அளக்காது என்பதை விதி வகுத்தவர்களும் அறிந்திருப்பார்கள். எளிதில் எண்ணக்கூடியது அதுவாக இருந்தது, அதனால் அதை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களில் 99 சதவீதம் பேர் ஆண்டுக்கு 100 டாலருக்கும் குறைவாகவே ஈட்டியவர்கள் என்று படித்தேன். அப்படியானால் உண்மையில் யாருக்கும் பெரிய இழப்பு இல்லைதானே? இதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்?
– வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

நீங்கள் சொல்லும் புள்ளிவிவரம் சரியானது. யூடியூப் அந்த அறிவிப்பிலேயே வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் அதற்கு முந்தைய மாதத்தில் ஈட்டியது இரண்டரை டாலருக்கும் குறைவு என்றும் அதில் இருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 160 ரூபாய். விளம்பரப் பணத்தை வழங்கும் கூகுள் சேவையான ஆட்சென்ஸில் ஒருவர் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும் என்பதால், மாதம் இரண்டரை டாலர் ஈட்டுபவர் முதல் தொகையைக் கையில் வாங்க 40 மாதம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே.

ஆனால் 100 டாலர் யாருக்குச் சிறிய தொகை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அன்றைக்கு அது ஏறத்தாழ 6,400 ரூபாய். ஒரு நல்ல காலர் மைக்கும், கைபேசியை நிறுத்தி வைக்கும் முக்காலியும், ஒரு வளைய விளக்கும் அதற்குள் வாங்கிவிடலாம். ஊரில் இருந்துகொண்டு கைபேசியில் படம் எடுப்பவருக்கு, அடுத்த ஆண்டின் காணொளி இந்த ஆண்டைவிடத் தெளிவாக வருவதற்கு அந்தப் பணம்தான் வழி. மேலும் அந்த 99 சதவீதத்தில் பலர் அப்போதுதான் தொடங்கியவர்கள். தொடங்கும் கட்டத்தில் எவருடைய வருவாயும் சிறியதாகத்தான் இருக்கும். நாற்றங்காலைப் பார்த்துவிட்டு விளைச்சல் குறைவு என்று கணக்கெழுதுவது சரியாகாது.

இன்னொன்றும் உண்டு. சில பொருள்களுக்கு எக்காலத்திலும் பெருங்கூட்டம் சேராது. நன்னூல் பாடம், கிராமியத் தாளக்கருவிகளைச் செய்யும் முறை, ஒரு வட்டாரத்தின் நெல் வகைகள் ஆகியவற்றைத் தேடிவருவோர் சில நூறு பேராக இருப்பார்கள். ஆனால் அவர்கள் உண்மையாகவே தேடிவருபவர்கள். உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணை வரம்பாக வைத்தால், ஆங்கிலத்தில் கைபேசி விமர்சனம் செய்பவரும் தமிழில் இலக்கணம் நடத்துபவரும் ஒரே கோட்டில் நிறுத்தப்படுகிறார்கள். கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழ் இணையதளங்களை ஏற்கத் தொடங்கியது அதே 2018 பிப்ரவரியில்தான். எழுதுபவர்களுக்கு ஒரு வழி திறந்த மாதத்திலேயே காணொளி எடுப்பவர்களில் சிறியவர்களுக்கு ஒரு வழி அடைபட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

எனக்கு 310 சந்தாதாரர்கள்தான் இருக்கிறார்கள். கூட்டாளர் திட்டத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. ஆனாலும் என் காணொளிக்கு முன்னால் விளம்பரம் வருகிறது என்று தோழிகள் சொல்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?
– பொறியியல் கல்லூரி மாணவி, ஈரோடு

முழுவதும் யூடியூபுக்குப் போகிறது. 2020 நவம்பரில் அமெரிக்காவில் யூடியூப் தன் சேவை விதிமுறைகளைத் திருத்தியது. கூட்டாளர் திட்டத்தில் இல்லாத சேனல்களின் காணொளிகளிலும் விளம்பரம் வெளியிடும் உரிமை தனக்கு உண்டு என்றும், அதற்காகச் சேனல் நடத்துபவருக்குப் பங்கு தரவேண்டியதில்லை என்றும் அதில் எழுதிக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. நீங்கள் சேனலைத் தொடங்கியபோது ஒப்புக்கொண்ட நீண்ட விதிமுறைகளுக்குள் இதுவும் இருக்கிறது. அதனால் சட்டப்படி நீங்கள் கேட்கக்கூடியது எதுவும் இல்லை.

ஆனால் நியாயப்படி கேட்க வேண்டியது இருக்கிறது. 2018-இல் சொன்ன காரணம் என்ன? சிறிய சேனல்களைப் பற்றிப் போதிய தகவல் இல்லை. அவற்றில் விளம்பரம் வெளியிடுவது விளம்பரதாரர்களுக்குப் பாதுகாப்பானது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒரு சேனல் ஓரளவு வளரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு பலர் பொறுமையாக இருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், அதே சிறிய சேனலில் விளம்பரம் வரலாம் என்றாகிவிட்டது. விளம்பரத்துக்கு ஏற்ற காணொளிகளை மட்டுமே இதற்குத் தேர்ந்தெடுப்போம் என்றும் நிறுவனம் கூறியது. அப்படியானால், விண்ணப்பிக்காத ஒருவரின் காணொளி விளம்பரத்துக்குத் தகுதியானதா என்று பிரித்தறிய அவர்களால் முடிகிறது என்று பொருள். பிரித்தறிய முடியும்போது, தகுதியான காணொளியை உருவாக்கியவருக்கு அதன் பங்கை ஏன் தரக்கூடாது? கூட்டாளர்களுக்கு நீள்காணொளி விளம்பரத்தில் 55 சதவீதம் தரப்படுகிறது. உங்களுக்கு 55 வேண்டாம், 20 என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கில் சேர்த்து வைத்து, நீங்கள் வரம்பைத் தொடும் நாளில் கொடுக்கலாம். காணொளிகளைச் சேமித்துப் பரப்புவதற்குச் செலவாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவை ஈடுசெய்யும் உழைப்பு உங்களுடையது என்பதற்கு ஒரு பைசாவாவது அடையாளமாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமையல் சேனல் நடத்துகிறேன். 1,800 சந்தாதாரர்கள் சேர்ந்துவிட்டார்கள். 4,000 மணி நேரம்தான் எட்டவில்லை. இரண்டு மாதம் முன்பு 3,300 காட்டியது, இப்போது 3,050 காட்டுகிறது. குறையுமா? ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளில் மூன்று மாதங்களில் ஆறு லட்சம் பார்வைகள் வந்திருக்கின்றன. அது கணக்கில் வராதா?
– இல்லத்தரசி, பாளையங்கோட்டை

குறையும், அம்மா. அது கடந்த 12 மாதங்களின் கணக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நாள் சேரும்போது சென்ற ஆண்டின் ஒரு நாள் உதிர்ந்துவிடும். சென்ற தீபாவளிக்கு நீங்கள் இட்ட அதிரசக் காணொளியை அந்த வாரம் நிறையப் பேர் பார்த்திருந்தால், இந்தத் தீபாவளி கடந்தவுடன் அந்த மணிகள் கணக்கிலிருந்து போய்விடும். நீங்கள் நீக்கிய காணொளிகளின் நேரமும், பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவைத்த காணொளிகளின் நேரமும் சேராது.

4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். உங்கள் காணொளி எட்டு நிமிடம் ஓடினாலும் ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 80,000 பார்வைகள் வேண்டும். அதாவது ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் நாள்தோறும் சுமார் 220 பார்வைகள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பலர் சந்தாதாரர் எண்ணிக்கையிலேயே கண்ணாக இருந்துவிடுகிறார்கள். சராசரி மூன்று நிமிடம் நான்கு நிமிடமானால் 60,000 பார்வைகளே போதும். ஆகவே புதிய ஆட்களைத் தேடுவதைவிட, வந்தவர்கள் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று, சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள வரைபடத்தைப் பார்ப்பது உங்களுக்கு உடனடிப் பலன் தரும். சமையல் காணொளிகளில் பெரும்பாலும் அந்த இடம் தொடக்கத்து நீண்ட அறிமுகம்தான். வாணலியை அடுப்பில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் இந்த 4,000 மணியில் சேராது. அதற்குத் தனி வழி இருக்கிறது: 1,000 சந்தாதாரர்களோடு, 90 நாள்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகள். 2023 பிப்ரவரியிலிருந்து ஷார்ட்ஸ் விளம்பர வருவாயில் பங்கு தருகிறார்கள். உங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம் உங்களுடையது. ஆனால் 90 நாளில் ஒரு கோடி என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பார்வைகள். உங்கள் ஆறு லட்சம் மதிப்புள்ளதுதான் என்றாலும், இந்த வழியில் அது ஆறு சதவீதமே. நீள்காணொளி வழிதான் உங்களுக்கு அருகில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்திடம் 3,000 ரூபாய் கட்டி 1,000 சந்தாதாரர்களும் 4,000 மணி நேரமும் வாங்கினேன். பத்து நாள் எல்லாம் இருந்தது. பிறகு பாதிக்கும் மேல் மறைந்துவிட்டது. அவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. இன்னொரு நிறுவனம் 'உத்தரவாதத்தோடு' தருகிறேன் என்கிறது. நம்பலாமா?
– இளைஞர், பரமக்குடி

வேண்டாம், தம்பி. எந்த உத்தரவாதத்தையும் நம்ப வேண்டாம்.

போலிச் சந்தாதாரர்களை யூடியூப் அவ்வப்போது நீக்கிவருகிறது. 2018 டிசம்பரில் பெரிய அளவில் நீக்கியபோது, அதனால் 1,000-க்குக் கீழே இறங்கும் சேனல்கள் கூட்டாளர் திட்டத்திலிருந்தும் விலக்கப்படும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. விலை கொடுத்து எண்ணிக்கை வாங்குவதும், 'நான் உங்கள் சேனலில் சேர்கிறேன், நீங்கள் என் சேனலில் சேருங்கள்' என்று குழுக்களில் மாற்றிக்கொள்வதும் விதிமீறல். சேனலையே முடக்கக்கூடிய மீறல். இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. வாங்கிய 1,000 பேர் உங்கள் காணொளியைப் பார்க்க மாட்டார்கள். சந்தாதாரர்களே பார்க்காத காணொளியைப் பிறருக்குப் பரிந்துரைக்க எந்த முகாந்திரமும் இல்லாமல் போகும். உண்மையாக வந்த சிலரையும் அந்தப் போலிக்கூட்டம் மறைத்துவிடும்.

சேனலின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிட்டு, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணம் அனுப்பிய ரசீதும் உரையாடலும் இருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளியுங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓர் எண்ணை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்கு அதுதான் அடையாளம் என்று சொன்னால், அந்த எண்ணை விற்க ஒரு சந்தை உருவாகிவிடுகிறது. இந்த விதியின் கேடுகளில் இதையும் நான் சேர்ப்பேன்.

செயற்கை நுண்ணறிவுக் குரலை வைத்துக் காணொளி செய்தால் வருவாய் கிடைக்காது என்கிறார்களே?
– தட்டச்சர், வேலூர்

குரல் மட்டும் காரணமாகாது. 2025 ஜூலை 15 முதல், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆக்கப்படும் காணொளிகளைப் பற்றிய பழைய விதிக்கு 'உண்மைத்தன்மையற்ற உள்ளடக்கம்' என்று புதுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரே வார்ப்பில் நூற்றுக்கணக்கில் அச்சடித்தாற்போல் வெளியிடுவதுதான் அதில் சிக்கும். நீங்களே எழுதி, நீங்களே தேர்ந்தெடுத்த படங்களோடு கருவிக்குரலைப் பயன்படுத்தினால் அது தனியாக மதிப்பிடப்படும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 21 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதல் மறுப்பானால் 30 நாள் கழித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம், அடுத்தடுத்த மறுப்புகளுக்கு 90 நாள்.

பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைச் சேனலில் இடுகிறேன். கூட்டாளர் திட்டத்தில் சேர்ந்தும் வருமானம் மிகக் குறைவு. 'குழந்தைகளுக்கானது' என்று குறித்ததுதான் காரணம், அதை மாற்றிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பையன். மாற்றலாமா?
– பாட்டி ஒருவர், மதுரை

மாற்ற வேண்டாம், அம்மா. காரணத்தைப் பொறுத்தவரை அந்தப் பையன் சொல்வது சரிதான். குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதன்பின் 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கான காணொளிகளில் பார்ப்பவரின் விருப்பங்களைக் கண்காணித்துக் காட்டும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. கருத்துரைப் பகுதியும் மூடப்பட்டது. கண்காணிப்பு இல்லாத விளம்பரத்துக்கு விலை குறைவு. குழந்தைகளைக் கண்காணித்தது கதை சொன்ன பாட்டிகள் இல்லை, ஆனால் வருவாய் குறைந்தது அவர்களுக்கும்தான். இருந்தாலும் குழந்தைகளைப் பின்தொடராத விளம்பரம் நல்லதொரு மாற்றம்; அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். தவறாகக் குறித்தால் சேனலுக்கு நடவடிக்கை வரலாம். கதைகளைத் தொகுத்து ஒலிநூலாகவோ அச்சு நூலாகவோ வெளியிடும் வழியை வீட்டாரோடு பேசிப் பாருங்கள்.

நான் இங்கே பள்ளி மாணவர்களுக்குத் தமிழில் கணிதம் நடத்தும் சேனல் வைத்திருக்கிறேன். வருவாய் நிறுத்தப்பட்டால் காரணம் கேட்க ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். சிறியவர்களுக்காக யாராவது போராடினார்களா?
– வாசகி, ஹாம், ஜெர்மனி

போராடினார்கள், அதுவும் நீங்கள் வாழும் நாட்டிலிருந்துதான். 2018-இல் யோர்க் ஸ்ப்ராவே என்ற ஜெர்மானியக் காணொளிக் கலைஞர் யூடியூப் படைப்பாளர்களுக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 2019 ஜூலையில் அது ஐ.ஜி. மெட்டால் என்ற பெரிய உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து 'ஃபேர்டியூப்' என்ற இயக்கமானது. அவர்கள் கேட்டவை எளியவை: முடிவுகளுக்குக் காரணம் சொல்லுங்கள், பேசுவதற்கு ஒரு மனிதரைக் காட்டுங்கள், கருத்து வேறுபாட்டைத் தீர்க்க நடுநிலையான அமைப்பு வேண்டும். எஃகு ஆலைத் தொழிலாளரும் கைபேசியில் படம் எடுப்பவரும் ஒரே சங்கத்தின் கீழ் வந்தது எனக்கு மிகுந்த மனநிறைவு தந்த செய்தி.

நீங்கள் சொல்லும் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம். 2023 ஏப்ரலில் யூடியூப் மிகப்பெரிய தளங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2024 பிப்ரவரி 17 முதல் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. விதிமீறல் என்று சொல்லிப் பணம் வழங்குவதை ஒரு தளம் நிறுத்தினாலோ கட்டுப்படுத்தினாலோ, அதற்கான காரணத்தைத் தெளிவாக எழுத்தில் தர வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது. முடிவு வந்த பின் குறைந்தது ஆறு மாத காலத்துக்குக் கட்டணமின்றி அந்தத் தளத்திடமே முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் சான்றளிக்கப்பட்ட வெளி அமைப்பிடம் போகலாம். ஆனால் அந்த அமைப்பின் முடிவு தளத்தைக் கட்டாயப்படுத்தாது. 1,000 சந்தாதாரர் என்ற வரம்பையே இந்தச் சட்டத்தைக் கொண்டு எதிர்க்கவும் முடியாது.

ஆட்சென்ஸ் பின் எண் தபாலில் வரவில்லை. அமெரிக்க வரிப் படிவம் ஒன்றையும் கேட்கிறார்கள். கிராமத்தில் இருக்கும் நான் அமெரிக்காவுக்கு ஏன் வரி கட்ட வேண்டும்?
– விவசாயி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், உங்கள் முகவரியைச் சரிபார்ப்பதற்கான பின் எண் கொண்ட கடிதம் அனுப்பப்படும். சாதாரணத் தபாலில் வருவதால் சில வாரங்கள் ஆகலாம். முகவரியில் அஞ்சல் எண்ணும் உங்கள் ஊரின் அஞ்சல் நிலையப் பெயரும் இருக்கட்டும். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வராவிட்டால் மறுபடியும் கேட்கலாம்.

வரியைப் பற்றி: 2021 முதல், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் வருவாய்க்கு மட்டும் அந்நாட்டு வரி பிடிக்கிறார்கள். இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி அது 15 சதவீதம். உங்கள் மாத வருவாய் 1,000 டாலர், அதில் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது 100 டாலர் என்றால், பிடித்தம் 15 டாலர். படிவத்தை நிரப்பாமல் விட்டுவிட்டால் மொத்த வருவாயில் 24 சதவீதம் வரை, அதாவது 240 டாலர், போகக்கூடும். படிவத்தில் வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுக்கலாம். நிரப்பியது சுமார் மூன்று ஆண்டுகள் செல்லும்.

நான் அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து வெளியிடுகிறேன். 720 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரைதான் எனக்குப் பதிவு கிடைக்கும். பிறகு சேனல் சும்மாதான் கிடக்கும். இப்படி இருந்தால் என்றைக்காவது வருவாய் வருமா?
– தச்சுத் தொழிலாளி, நாகர்கோவில்

விளம்பரப் பங்குக்கு முன்பே உங்களுக்குத் திறக்கக்கூடிய ஒரு வழி இருக்கிறது. 2023 ஜூனில் சில நாடுகளில் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட முதற்படி அது: 500 சந்தாதாரர்கள், கடைசி 90 நாள்களில் மூன்று காணொளிகள், ஓராண்டில் 3,000 மணி நேரம். இதில் விளம்பர வருவாய் கிடையாது. ஆனால் பார்ப்பவர்கள் விரும்பித் தரும் தொகையைப் பெறலாம், அதில் 70 சதவீதம் உங்களுக்கு. முழு இரவுப் பாட்டு ஒன்றை ஐம்பது பேர் இரண்டு மணி நேரம் பார்த்தாலே 100 மணி நேரம் சேர்ந்துவிடும் என்பதால், மணிக்கணக்கு உங்களுக்குச் சமையல் சேனல்களைவிட எளிது. ஊரைவிட்டு வெளிநாடுகளுக்குப் போனவர்கள் தங்கள் கோயில் கொடையைப் பார்த்துவிட்டு ஒரு தொகை அனுப்புவதையும் எதிர்பார்க்கலாம். 90 நாள் நிபந்தனை இருப்பதால், விண்ணப்பத்தை ஆனி, ஆடியிலேயே போட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு ஒன்றை மறக்க வேண்டாம். இடையில் எண்ணிக்கை வரம்புக்குக் கீழே இறங்கினாலும் உடனே வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் ஆறு மாதம் காணொளியும் இல்லை, சமூகப் பகுதியில் ஒரு பதிவும் இல்லை என்றால் வருவாயை நிறுத்திவிடக்கூடும். ஆவணி முதல் மாசி வரை உங்களுக்கு ஏழு மாத இடைவெளி. ஆகவே ஆடியில் பதிவு செய்ததில் ஒரு கதையை ஒதுக்கிவைத்துக் கார்த்திகையில் வெளியிடுங்கள். வில்லின் முன் அமரும் அண்ணாவியாரிடம் அவர் பாட்டுப் படித்த விதத்தைப் பற்றித் தை மாதத்தில் அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்தாலும் அதுவே போதும்.